மேலச்செங்குடி, 10.42

மார்ச் 3, திங்கள்
காலை 132/84. மாலை 136/84. நடை 20 நிமிடம்.

இந்த நோட்டு மதுரை டாக்டர் சொல்லி வாங்கியது. ஜனவரியில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது, இரண்டு வேளை ரத்த அழுத்தம், நடந்த நேரம், சாப்பிட்டது, அன்றைக்கு நடந்தது எல்லாம் எழுதிவரச் சொன்னார். மனதில் இருப்பதையும் எழுதலாம் என்றார். மனதில் ஒன்றும் இல்லை என்றேன். அதையே எழுதுங்கள் என்றார். வீட்டில் தமயந்தி அழுத்தத்தை அளந்து எண்ணைத் தானே தாளின் மேலே எழுதிவிடுகிறாள். மனைவி எழுதிய எண்ணுக்குக் கீழே எழுதுவது என் வேலை.

ஆறு வாரம் கழித்து இன்று வேலைக்குப் போனேன். எங்கள் கம்பெனி ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பராமரிப்பைப் பார்க்கிறது. ஆற்றங்கரைக் கிணறுகளிலிருந்து 38 நீரேற்று நிலையங்கள் வழியாக 217 மேல்நிலைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் போகிறது. ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் ஒரு ரேடியோ பெட்டி இருக்கிறது. தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அது நிலையத்திலுள்ள ரவுட்டருக்குச் சொல்லும். ரவுட்டர் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும். தகவல் நின்றால் தொட்டி வழிந்துவிடக் கூடாது என்பதற்காக மோட்டாரும் நின்றுவிடும். நான் கட்டுப்பாட்டு அறையில் பதினேழு வருடமாக இருக்கிறேன்.

மேலாளர் வில்சன் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார்.

"கதிரேசன் சார், நீங்க இனிமே எங்கயும் அலைய வேணாம். உக்காந்தே முடிக்கிற மாதிரி ஒரு வேலை வச்சிருக்கேன்."

217 பெட்டிகளுக்கும் புது பாஸ்வேர்டு, புது எண்முகவரி கொடுக்க வேண்டும். மாதக் கடைசிக்குள்.

தொட்டிக்கு நேரே போக வழியில்லை. எங்கள் கணினியிலிருந்து முதலில் நிலையத்து ரவுட்டருக்குள் நுழைய வேண்டும். அங்கே நின்றுகொண்டு தொட்டியின் பெட்டிக்குள் நுழைய வேண்டும். முடித்ததும் அதே வரிசையில் ஒவ்வொன்றாக வெளியே வர வேண்டும். கையால் செய்தால் ஒரு தொட்டிக்குப் பன்னிரண்டு நிமிடம். மொத்தம் நாற்பத்துமூன்று மணி நேரம். ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரலை எழுதிவிட்டால் எனக்குப் பதிலாக அது கட்டளைகளைத் தட்டிக்கொண்டே போகும்.

இரவு கோதுமைக் கஞ்சி.

மார்ச் 5, புதன்
காலை 130/82. மாலை 134/82. நடை 20 நிமிடம்.

ஸ்கிரிப்ட் பாதி முடிந்தது. தான் எந்தக் கருவிக்குள் நிற்கிறோம் என்று அதற்குத் தெரிய ஒரே அடையாளம்தான் உண்டு. ஒவ்வொரு கருவியும் கட்டளைக்குத் தயாரானதும் தன் பெயரையும் ஒரு # குறியையும் திரையில் போட்டுக் காத்திருக்கும். எதிர்பார்த்த பெயர் வந்தால் ஸ்கிரிப்ட் அடுத்த கட்டளையைத் தட்டும். வராவிட்டால் முப்பது விநாடி பார்த்துவிட்டு நின்றுவிடும். பெயருக்கு மேலே வேறு என்ன வரி வந்திருக்கிறது என்று அது பார்ப்பதில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தொலைவிலுள்ள கருவியில் கை வைக்கும் முன், "பத்து நிமிடத்தில் நீயே அணைந்து எழு" என்று அதனிடம் சொல்லிவிடுவோம். வேலை சரியாக முடிந்தால் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டுச் சேமிப்போம். நடுவில் தொடர்பு அறுந்து வெளியே மாட்டிக்கொண்டால், பத்து நிமிடத்தில் அது தானாக அணைந்து பழைய நிலைக்குத் திரும்பும். யாரும் வெயிலில் போய் நிற்க வேண்டாம். ஸ்கிரிப்டிலும் அதை முதல் கட்டளையாக வைத்தேன்.

மூன்று தொட்டிகளில் ஓட்டிப் பார்த்தேன். ஓடியது.

தமயந்தி உப்பில்லாத ரசம் வைத்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டாள். சுடுகிறது என்றேன்.

"அது போதும். நாக்குக்கு நாப்பது வருசம் சேவகம் பண்ணியாச்சு. இனி நெஞ்சுக்குப் பண்ணுவோம்."

மார்ச் 6, வியாழன்
காலை 130/84. மாலை 132/82. நடை 25 நிமிடம்.

சேதுராசு வந்து பார்த்துவிட்டுப் போனான். கிழக்குப் பகுதியின் ஆறு நிலையங்களையும் அவன்தான் பைக்கில் சுற்றிப் பார்த்துக்கொள்கிறான். ஒப்பந்த ஊழியன். முப்பத்துநாலு வயது. எந்த நிலையத்தில் ரவுட்டர் இருக்கும் பேனல் கதவைத் திறப்பதானாலும் முதலில் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்ய வேண்டும் என்பது விதி. நேரத்தையும் பெயரையும் பதிவேட்டில் நாங்கள் எழுதிக்கொள்வோம். மற்றவர்கள் திறந்து மூடிய பிறகு சொல்வார்கள். இவன் முதலில் சொல்லிவிட்டுத்தான் சாவியை எடுப்பான்.

"மெலிஞ்சுட்டீகண்ணே."

"எட்டுக் கிலோ."

"மதினி சாப்பாடா? நானும் ஒரு மாசம் வந்து உங்க வீட்ல தங்குறேன். தொப்ப கொறையும்."

ஜனவரி 16 அன்று மேலச்செங்குடி நிலையத்தில் எனக்கு நெஞ்சு வலித்தபோது ஜீப்பில் போட்டு மதுரைக்குக் கொண்டுபோனவன் அவன். இரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தான் என்று தமயந்தி சொல்கிறாள். எனக்கு அது நினைவில்லை.

மார்ச் 7, வெள்ளி
காலை 128/82. மாலை 130/82.

61 தொட்டிகள் முடிந்தன. பிழை இல்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்துகள் தாமாக வந்துகொண்டிருந்தன. நாள் போய்விட்டது.

மார்ச் 10, திங்கள்
காலை 130/82. மாலை 130/84. நடை 25 நிமிடம்.

104.

மார்ச் 11, செவ்வாய்
காலை 134/84. மாலை 162/98.

காலை இட்லி மூன்று. மாத்திரை போட்டேன். 9.30-க்கு ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். 10.42-க்கு மேலச்செங்குடியிலிருந்து சேதுராசு போன் செய்தான். ஏதோ விளக்கு எரியவில்லை, பேனலைத் திறந்து பார்க்கிறேன் என்றான். திரையைப் பார்த்தபடி சரி என்றேன்.

அதன் பிறகு மேலச்செங்குடி திரையில் இல்லை. அது கிளை பிரியும் இடம். அதற்குக் கீழே இன்னும் இரண்டு நிலையங்கள். மூன்றிலும் மோட்டார் நின்றது. 19 தொட்டிகள், 31 ஊர்கள்.

11.20-க்கு சேதுராசுவிடம் ரவுட்டரின் ரீசெட் துளையில் ஊசியை விட்டு அழுத்தச் சொன்னேன். அழுத்தினான். ரவுட்டர் புதிதாக வாங்கியதுபோல் வெறுமையாக எழுந்தது. மறுபடி தொடர்பு வரவில்லை. ரேடியோ அட்டையும் போய்விட்டது என்றார்கள். மதுரையிலிருந்து வேறு ரவுட்டர் வர வேண்டும்.

ஸ்கிரிப்ட் 112-ஆவது தொட்டியோடு நின்றிருக்கிறது. அது தட்டியது, கண்டது எல்லாவற்றையும் நேரத்தோடு ஒரு லாக் கோப்பில் எழுதி வைக்கும். இன்றைய கோப்பு 38 கேபி. திறக்கவில்லை.

இரண்டாம் தடவை அளந்தபோதும் 160 காட்டியது. மெஷினில் கோளாறாக இருக்கும் என்றேன். தமயந்தி தன் கையில் கட்டிப் பார்த்தாள். 118/76.

மார்ச் 12, புதன்
காலை 150/92. மாலை 154/94.

31 ஊர்களிலும் தண்ணீர் இல்லை. பனிச்சகுடி விலக்கில் சாலை மறியல். வில்சன் இரண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். வெயில் 37 டிகிரி.

வில்சன் ஒருமுறை என் பக்கம் திரும்பிக் கேட்டார். "சார், உங்க ஸ்கிரிப்ட் அந்நேரம் ஓடிக்கிட்டிருந்துச்சா?"

"ஓடுச்சு. தொட்டிப் பெட்டிலதான்."

"அப்ப ரவுட்டருக்குச் சம்பந்தமில்ல."

அவர் மறுபடி போனை எடுத்துக்கொண்டார். அவர் கேட்டதற்கு நான் பதில் சொன்னேன்.

மார்ச் 13, வியாழன்
காலை 148/90. மாலை 146/92.

பிற்பகல் 1.10-க்கு மேலச்செங்குடி திரையில் வந்தது. மோட்டார்கள் ஓடுகின்றன. இரவு சுரைக்காய்க் கூட்டு.

மார்ச் 14, வெள்ளி
காலை 146/90. மாலை 148/90.

தலைமை அலுவலகத்துக்குக் காரணம் எழுதி அனுப்ப வேண்டும். வில்சன் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். சம்பவ நேரத்தில் நிலையத்தில் இருந்த ஒரே ஆள் கள ஊழியர். முன்அறிவிப்பின்றிப் பேனலைத் திறந்து சுத்தம் செய்தபோது கவனக்குறைவாக ரீசெட் அழுத்தப்பட்டிருக்கிறது. ரவுட்டர் வெறுமையாக இருந்ததே அதற்குச் சான்று.

"ரீசெட் நான் சொல்லி அழுத்துனது" என்றேன்.

"அது பதினொண்ணு இருபதுக்கு சார். பத்து நாப்பத்திரண்டுக்கே ஒரு தடவ அழுத்தியிருப்பான். தொடர்பு போனதும் பயந்து உங்களுக்குப் போன் அடிச்சிருக்கான். பதிவேட்டப் பாருங்க. பேனல் திறக்குறேன்னு அவன் சொன்னதுக்கு எழுத்து இருக்கா?"

பதிவேட்டில் மார்ச் 11-க்குக் கீழே என் கையெழுத்தில் ஒரே ஒரு வரி. காலை 9.05, கட்டிவயல் நிலையம். அதற்குக் கீழே காலி.

கோப்பு அதே இடத்தில் இருக்கிறது. 38 கேபி.

மார்ச் 15, சனி
காலை 144/90. மாலை 144/88. நடை 10 நிமிடம்.

கண்ணாடிக்குப் புது பிரேம் போட்டேன். தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்தது.

மார்ச் 17, திங்கள்
காலை 150/92. மாலை 158/96.

விசாரணை. வில்சன், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஓர் அதிகாரி, நான், சேதுராசு. இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தான்.

அவன் தன் செல்போனைக் காட்டினான். 10.42-க்குக் கட்டுப்பாட்டு அறை எண்ணுக்கு அழைத்தது அதில் இருக்கிறது. நாற்பத்தோரு விநாடி.

அதிகாரி சொன்னார். "கூப்பிட்டிருக்கே, சரி. எதுக்குக் கூப்பிட்டேன்னு இதுல இல்லையே."

"பேனல் திறக்கப் போறேன்னுதான் சார் கூப்பிட்டேன். தொட்டி ரேடியோவுக்கு உள்ள வெளக்கு கண்ணாடி வழியாப் பாக்கையிலயே அணஞ்சு கெடந்துச்சு. நான் கையே வைக்கல. அதத்தான் அண்ணன்கிட்டச் சொன்னேன்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைத் திருப்பி அவர் முன் வைத்தேன். அவர் அதைப் படித்தார். வேறு கேள்வி கேட்கவில்லை.

சேதுராசுவுக்கு 28-ஆம் தேதி வரை அவகாசம். அதுவரை வேலைக்கு வரக் கூடாது. தவறை ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால் வேலை மட்டும் போகும். கொடுக்காவிட்டால் குடிநீர்க் கருவியைச் சேதப்படுத்தியதாகப் போலீசில் புகார் போகும்.

வெளியே வந்ததும், "சாப்பிட்டீகளாண்ணே, மாத்திர நேரம் தாண்டிருச்சு" என்றான். போட்டுக்கொண்டேன்.

மார்ச் 18, செவ்வாய்
காலை 150/94. மாலை 150/92.

ஒன்றுமில்லை.

மார்ச் 19, புதன்
காலை 148/92. மாலை 166/100.

கோப்பைத் திறந்தேன். 10.40 வரை படித்தேன். டீ வந்தது. குடித்துவிட்டு மீதியைப் படித்தேன்.

10.40.10. ஸ்கிரிப்ட் மேலச்செங்குடி ரவுட்டர் வழியாக ஊரணிக்கரைத் தொட்டியின் பெட்டிக்குள் நுழைகிறது. பெட்டியின் பெயர் MSK-01. "பத்து நிமிடத்தில் அணைந்து எழு" என்ற உத்தரவு பெட்டிக்குப் போகிறது.

10.41.52. "இணைப்பு முடிந்தது" என்று ஒரு வரி. ரேடியோ அறுந்திருக்கிறது. உள்ளே இருந்த ஸ்கிரிப்ட் ஒரு படி வெளியே, ரவுட்டருக்கு வந்து விழுந்திருக்கிறது. ரவுட்டர் தன் பெயரைக் காட்டிக் காத்திருக்கிறது. ரவுட்டரின் பெயரும் MSK-01.

10.42.20. எதிர்பார்த்த பெயர் வந்துவிட்டதால் ஸ்கிரிப்ட் தட்டுகிறது. தொட்டிக்கான எண்முகவரி ரவுட்டருக்குப் போகிறது.

10.43.05. சேமிக்கிறது.

10.43.06-க்கு மேல் வரி இல்லை. முகவரி மாறிவிட்ட ரவுட்டரை எங்கள் கணினியால் இனி எட்ட முடியாது.

ஊரணிக்கரைத் தொட்டியின் பெட்டி 10.50-க்குத் தானாக அணைந்து எழுந்து பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். அதற்கு எந்தக் கேடும் இல்லை. அதன் தகவலைக் கேட்க யாரும் இல்லை, அவ்வளவுதான். ரவுட்டருக்கு அந்தப் பத்து நிமிட உத்தரவு போகவில்லை. அதனால் அது திரும்பி வரவில்லை. ரீசெட் அழுத்தியதில் அதற்குள் இருந்த பதிவும் அழிந்தது.

நடந்தது வேறெங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. இந்தக் கோப்பைத் திறக்கும் பாஸ்வேர்டு எனக்கு மட்டும் தெரியும்.

மார்ச் 20, வியாழன்
காலை 156/96. மாலை 154/94.

இரண்டு கருவிக்கு ஒரே பெயர் எப்படி வந்தது என்று பழைய நிறுவல் தாள்களைத் தேடினேன். புதிதாக ஒரு பெட்டியை வைக்கும்போது பக்கத்துக் கருவியின் அமைப்பை அப்படியே நகலெடுத்துப் போட்டு, பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றுவோம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். ஊரணிக்கரையில் முகவரி மாற்றப்பட்டிருக்கிறது. பெயர் மாற்றப்படவில்லை.

தாளின் தேதி 2019, ஆகஸ்ட் 8. நிறுவியவர் கையெழுத்து: என்னுடையது.

தாளை மீண்டும் பழைய தாள்களோடு வைத்தேன்.

மார்ச் 21, வெள்ளி
காலை 152/94.

மதுரை. டாக்டர் நோட்டைக் கேட்டார். மேலே உள்ள எண்களை மட்டும் விரலால் தடவிக்கொண்டே போனார். 11-ஆம் தேதியில் விரல் நின்றது.

"அதுவரைக்கும் நல்லா எறங்கிக்கிட்டு வந்திருக்கே. அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"ஆபீஸ் வேலை."

"பத்தொம்பதாம் தேதி?"

"அதுவும் ஆபீஸ் வேலைதான்."

ஒரு மாத்திரையைக் கூட்டினார். தமயந்தி பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளிடம், சார் வீட்டில் பேசுவாரா என்று கேட்டார்.

"கேட்டா மணி சொல்லுவாரு" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது.

மார்ச் 24, திங்கள்
காலை 150/92. மாலை 158/98.

மாலை ஆறு மணிக்கு சேதுராசு வீட்டுக்கு வந்தான். பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தான். தமயந்தி காபி கொடுத்தாள்.

"வீட்ல என் சம்சாரத்துக்கிட்ட இன்னும் சொல்லலண்ணே. டெய்லி காலைல கெளம்பி, கம்மாய்க்கரைல உக்காந்துட்டு வாரேன்."

"உம்."

"எழுதிக் குடுத்துரலாம்ங்கிறாக எல்லாரும். எழுதிக் குடுத்தா, முப்பத்தோரு ஊருக்குத் தண்ணிய நிப்பாட்டுனவன் நானுன்னு ஆகிப்போகும். அதுல எங்க ஊரும் ஒண்ணுண்ணே. எங்கம்மா அன்னைக்கு மறியல்ல கொடத்தோட உக்காந்திருந்துச்சு."

நான் காபியைக் குடித்தேன்.

"நீங்க எனக்காக ஒண்ணும் பேச வேணாம். வெளக்கு எரியலன்னு நான் சொன்னேன்ல, அத மட்டும் சொன்னாப் போதும். தெறக்குறதுக்கு முன்னாடியே சொன்னேன்ல?"

"சொன்ன மாதிரிதான் ஞாபகம்" என்றேன்.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். அடுப்படியில் பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றிருந்தது.

"சரி. ஒடம்பப் பாத்துக்கிருங்க" என்று எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பாமல், "வாரேன் மதினி" என்றான்.

மார்ச் 25, செவ்வாய்
காலை 160/98.

காலையில் கையில் பட்டையைக் கட்டும்போது தமயந்தி கேட்டாள்.

"நம்ம கல்யாணத்தன்னைக்குப் பொண்ணு வீட்டு பஸ் எத்தன மணிக்கு வந்துச்சு?"

"நாலு இருபது. டயர் பஞ்சராகி."

"இருபத்தியெட்டு வருசமாச்சு." பம்பை அழுத்தினாள். கை இறுகியது. காற்று இறங்கியது. எண்ணை எழுதினாள். பிறகு நோட்டைப் பின்னால் புரட்டி, ஒரு தாளை விரித்து என் முன் வைத்தாள். மார்ச் 11.

"பத்து நாப்பத்திரண்டுன்னு இருக்கு. வெளக்கு எரியலன்னு இருக்கு. திறந்து பாக்கறேன்னான்னு இருக்கு. ஒங்க கையெழுத்துதான?"

"இத நீ படிக்கிறியா?"

"நம்பர் எழுதறவளுக்குக் கீழ இருக்கறது கண்ணுல படாதா?"

அவள் தோசை ஊற்றப் போனாள். இரண்டு தோசை. புதினாச் சட்னி. சட்னியில் உப்பு இருந்தது. அளவு தவறிப் போட்டிருக்கிறாள்.

மார்ச் 26, புதன்
காலை 156/96. மாலை 150/94.

அறிக்கை எழுதினேன். முதலில் ஆறு பக்கம் வந்தது. ரேடியோ ஏன் அறுந்திருக்கலாம், வெயிலில் பெட்டி சூடாவது, பழைய அமைப்பை நகலெடுக்கும் பொது வழக்கம், மாதக் கடைசி என்ற நெருக்கடி. எல்லாம் உண்மை. படித்துப் பார்த்தபோது எழுதியவன் அங்கே இல்லாததுபோல் இருந்தது. கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். ஒன்றே கால் பக்கம்.

பெயர் மாற்றாமல் பெட்டியை நிறுவியது நான். பெயரை மட்டும் நம்பி ஸ்கிரிப்ட் எழுதியது நான். 10.42-க்கு சேதுராசு பேனலைத் திறக்கும் முன் அழைத்து, விளக்கு எரியவில்லை என்று தெரிவித்தார். அந்நேரம் நான் ஸ்கிரிப்டை நிறுத்தியிருந்தால் சேமிப்பதற்கு முன் நின்றிருக்கும். நான் நிறுத்தவில்லை, பதிவேட்டிலும் எழுதவில்லை. விசாரணையில் இதைச் சொல்லவில்லை.

இணைப்பு: லாக் கோப்பின் நான்கு பக்கம், நிறுவல் தாள், என் நோட்டில் மார்ச் 11-ஆம் நாள் தாளின் நகல்.

ஜெராக்ஸ் கடைக்காரர், மேலே உள்ள எண்களை மறைத்து எடுக்கட்டுமா, ஆஸ்பத்திரி விஷயம்போல் இருக்கிறதே என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

மார்ச் 27, வியாழன்
காலை 148/92. மாலை 146/90.

வில்சன் நின்றபடியே படித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார்.

"சார், இது நாளைக்கு முடியப் போற விஷயம்."

"தெரியும்."

"அவன் சின்ன வயசு. வேற எடத்துல சேந்துக்குவான். நானே சொல்லி விடுறேன். நீங்க இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு எங்க போவீங்க?"

ஸ்கிரிப்ட் என்ற வரியில் விரலை வைத்தார்.

"ஸ்கிரிப்ட்டுக்கு ஓகே சொன்னவன் நான். இத மேல அனுப்புனா என்னையும் கேப்பாங்க."

"அது அதுல எழுதல."

"எழுதலன்னா கேக்க மாட்டாங்களா?" அவர் தாளை என் பக்கம் தள்ளினார். "இன்னைக்கு நீங்க வரலைன்னே வச்சுக்குவோம். வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க."

விசாரணை அதிகாரிக்குக் காலை எட்டு மணிக்கே மெயிலில் அனுப்பிவிட்டேன் என்றேன். அவர் தன் கணினியைத் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் நகல் போட்டிருந்தேன்.

"ஏழு அம்பத்தெட்டு" என்றார்.

ஆமாம். ஏழு ஐம்பத்தெட்டு.

மார்ச் 28, வெள்ளி
காலை 144/90. மாலை 142/88. நடை 15 நிமிடம்.

சேதுராசு எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று தகவல் போனதாம். அலுவலக வாசலில் காவலாளி சொன்னார். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. என் பாஸ்வேர்டு மாற்றப்பட்டிருந்தது. நாள் முழுதும் அணைந்த திரைக்கு முன் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 30, ஞாயிறு
காலை 140/88. நடை 25 நிமிடம்.

அவனுக்கு இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்தேன்.

ஏப்ரல் 2, புதன்
காலை 138/86. மாலை 136/86. நடை 25 நிமிடம்.

கடிதம் வந்தது. எச்சரிக்கை, ஓராண்டுக்கு ஊதிய உயர்வு இல்லை. எந்தக் கருவியிலும் உள்நுழைய எனக்கு இனி அனுமதி கிடையாது. தொலைபேசியும் பதிவேடும் என் பொறுப்பு. வில்சனுக்கும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. எனக்கு வணக்கம் சொல்வதை அவர் நிறுத்திவிட்டார்.

மீதி 106 தொட்டிகளைச் செய்ய சென்னையிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். பெயர் யாழ்மொழி. கையால்தான் செய்கிறாள். ஒவ்வொன்றிலும் நுழைந்ததும் முதலில் பெயரைப் பார்க்கிறாள், பிறகு கருவியின் வரிசை எண்ணைக் கேட்டுத் தாளோடு ஒப்பிடுகிறாள். இதுவரை ஒரே பெயரில் இன்னும் மூன்று ஜோடிகள் கண்டுபிடித்திருக்கிறாள். மூன்று தாளிலும் யார் கையெழுத்து என்று அவள் கேட்கவில்லை. இரண்டில் என்னுடையது.

ஏப்ரல் 7, திங்கள்
காலை 132/84. மாலை 134/84. நடை 30 நிமிடம்.

சேதுராசு இன்று முதல் வேலைக்குத் திரும்புவதாக வருகைப் பட்டியலில் இருக்கிறது. அலுவலகத்துக்கு வரவில்லை. நேரே கிழக்குப் பகுதிக்குப் போய்விட்டான்.

ஏப்ரல் 9, புதன்
காலை 130/84. மாலை 128/82. நடை 30 நிமிடம்.

10.15-க்கு போன் வந்தது.

"கன்ட்ரோல் ரூமா?"

"ஆமா."

"மேலச்செங்குடி நிலையம். சேதுராசு பேசுறேன் சார். பேனல் திறக்கப் போறேன்."

"இரு. எழுதிக்கிறேன்."

எழுதினேன். அவன் காத்திருந்தான். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"வெளக்கெல்லாம் எரியுதா?"

"நாலும் எரியுது சார்."

"எத்தன நாள் கழிச்சு..." என்று தொடங்கினேன். என்ன கேட்க வந்தேன் என்று தெரியவில்லை.

"திறக்கலாமா சார்?"

"திற."

வைத்துவிட்டான். இருபத்தாறு விநாடி.

பதிவேட்டில்: 10.15, மேலச்செங்குடி, பேனல் திறப்பு, சேதுராசு. நான்கு விளக்கும் எரிகின்றன.

இரவு பட்டையைக் கட்டும்போது, சேது பேசினானா என்று தமயந்தி கேட்டாள். பேசினான் என்றேன். என்ன சொன்னான் என்றாள். விளக்கு எரிகிறது என்று சொன்னான் என்றேன். அவள் எண்ணை எழுதிவிட்டு நோட்டை என் பக்கம் நகர்த்தினாள்.